கீழே வைத்த கத்தி

மூன்று கொட்டேஷன் பார்க்காமல் அவர் ஒரு குண்டூசிகூட வாங்கமாட்டார் என்று எங்கள் கம்பெனியில் சொல்வார்கள். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. அவர் பர்ச்சேஸ், நான் ஸ்டோர்ஸ். அவர் வாங்குவதை நான் சரிபார்த்து அடுக்கி வைப்பேன். இருபது வருஷம் இப்படியே ஓடியது. கேன்டீனில் சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று அவர் யோசித்து நிற்கும்போது பின்வரிசை முனகும். அவர் நிதானமாகத் திரும்பி, "ஒரு நிமிஷம் பிரதர், சாயந்திரம் வரைக்கும் வயித்துக்குள்ள இருக்கப்போற ஐட்டம்" என்பார்.

எல்லோரும் அவருக்கு பிரதர்தான். சர்ச் பழக்கம். என்னை மட்டுமல்ல, எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் குருக்களைக்கூட பிரதர் என்றுதான் கூப்பிடுவார். குருக்களும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்ப்பார்.

வாங்கித் தந்ததோடு கைகழுவி விடுகிற ஆள் இல்லை. அஸ்தினாபுரத்தில் இருக்கும் என் மைத்துனிக்கு ஒரு வாஷிங் மெஷின் பார்த்துக் கொடுத்தார். இரண்டாவது வருஷம் அது தரையெல்லாம் தண்ணீர் விட ஆரம்பித்தது. மைத்துனி பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள், நான் பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையிலேயே போய், மெஷினைச் சாய்த்து அதன் அடியில் படுத்துவிட்டார். மைத்துனி பதறிப்போய், கம்பெனி ஆளைக் கூப்பிடலாமே என்றிருக்கிறாள். "சூஸ் பண்ணவன்தான் பொறுப்பு, சிஸ்டர்" என்று மெஷினுக்கு அடியிலிருந்து பதில் வந்ததாம். இந்த வாக்கியத்தை அவர் வாயால் நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

இன்று எங்கள் செம்பாக்கத்தில் அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் யாருக்கும் வாஷிங் மெஷின் ஞாபகம் வராது. "வெள்ளத்துல கத்திய நழுவ விட்டாரே, அவர்தானே?" என்பார்கள். தண்ணீர் கேன் போடுகிற ஏழுமலை செத்தது அவர் கையிலிருந்து கத்தி நழுவியதால் என்பது ஊரறிந்த சங்கதி. கத்தி அவர் கைக்குப் போகவே இல்லை என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதை ஏழுமலையின் மனைவியிடம் சொல்ல எனக்கு நாலு வருஷம் அவகாசம் இருந்தது. நான் சொல்லவில்லை.

ஏழுமலை செம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரிக்கரையில் காலை நடைப்பயிற்சியின்போது பழக்கமானார். நாங்கள் இரண்டு பேரும் ஷூ மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க நடப்போம். ஏழுமலை ரப்பர் செருப்பில் எங்களைத் தாண்டிப்போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப்போவார். கொஞ்ச நாளில் மூன்று பேரும் ஒரு செட்டாகிவிட்டோம். இரண்டாவது சனிக்கிழமைகளில் தாம்பரத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். பேர் சொல்லும்படியான மலைகள் இல்லை, கல்லும் முள்ளும்தான். முன்னால் ஏழுமலை, நடுவில் நான், கடைசியில் அவர்.

ஏழுமலையிடம் ஒரு கத்தி இருந்தது. இரும்பு அறுக்கிற பழைய ஆக்ஸா பிளேடைக் கல்லில் தேய்த்து முனை எடுத்து, பிடிக்கு சைக்கிள் ட்யூபைச் சுற்றியது. மடங்காது. செய்தித்தாளில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். அதற்கு அறுபடாத பொருள் எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டார். ஷூ போட்ட எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஏழுமலையை மட்டும் ஓரமாக உட்காரவைத்தார்கள். இவர்தான் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, பொறுமையாகப் பேசி, ஒரு மணி நேரத்தில் ஆளையும் கத்தியையும் மீட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் ரயில் போய்விட்டது.

அந்தப் பிளாட்பாரத்திலேயே அவர் தீர்ப்பு சொன்னார். இனிமேல் இந்தக் கத்தி வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. மூன்று பேருக்கும் சேர்த்து, யார் பார்த்தாலும் சந்தேகப்படாதபடி, மடக்குக் கத்தி ஒன்றை அவரே பார்த்து வாங்குவார். ஏழுமலைக்கு மனசே இல்லை. "அது இன்னா சார் பண்ணிச்சு?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அதை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டார்.

மடக்குக் கத்தி வருவதற்கு ஏழு மாதம் ஆனது.

முதல் இரண்டு மாதம் அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை, போனில்கூடப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வெளியே போகும்போது எதற்கெல்லாம் கத்தி தேவைப்படுகிறது என்று எழுதிக்கொண்டு வந்தார். கொய்யாப்பழம் நறுக்க. பிஸ்கட் பாக்கெட் பிரிக்க. அறுந்த பை வாரைத் தைத்த பிறகு நூலை வெட்ட. என் குதிகாலில் ஏறிய கருவேல முள்ளைப் பிடுங்க. அவருடைய மூக்குக்கண்ணாடியின் லூஸான ஸ்குருவை முறுக்க. காய்ந்த கிளை ஒன்றை ஊன்றுகோலுக்கு அறுக்க. தகர டப்பா திறக்க ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை என்றும், பாட்டில் கார்க் திருகுகிற சமாச்சாரம் கர்த்தருடைய கிருபையால் எந்நாளும் தேவைப்படாது என்றும் சொன்னார். "ஆசைக்கு வாங்கினா முப்பது ஐட்டம் இருக்கும் பிரதர். தேவைக்கு வாங்கினா ஆறு போதும்."

நடுவில் குறடு வைத்த வகை ஒன்று இருக்கிறதாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ்வளவு எடையை இடுப்பு தாங்குமா என்று பார்க்க, ஒரு பழைய குறடை பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஆபீஸுக்கு வந்தார். நடக்கும்போதெல்லாம் பேண்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை குறடு தள்ளுபடி ஆனது.

அடுத்தது இரும்பின் தரம். ஆபீஸில் மடக்குக் கத்தி வைத்திருந்த மூன்று பேரிடம் கெஞ்சி வாங்கி, மூன்றாலும் எலுமிச்சம்பழம் நறுக்கி, கழுவாமல் துடைக்காமல் காலைவரை சமையல் மேடையில் வைத்துவிட்டார். விடிந்ததும் ஒன்றில் செம்புள்ளி. அதன் சொந்தக்காரரான அக்கவுண்ட்ஸ் ஆள் ஒரு வாரம் அவருடன் பேசவில்லை. இவருக்கு அதில் வருத்தம் கிடையாது. அந்த மாடல் வேண்டாம் என்று தெரிந்ததே, அது போதும் என்றார்.

விரித்தால் பூட்டிக்கொள்ளவேண்டும், அறுக்கும்போது மடங்கி விரலை எடுக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். கட்டைவிரலால் தள்ளி ஒரே கையால் திறக்கிற கத்தி ஒன்று அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கடையில் நாலைந்து தடவை திறந்து திறந்து மூடினார். நான்தான் கெடுத்தேன். ஸ்டேஷனில் நம்மைச் சோதித்தால் இதை ரவுடி கத்தி என்பார்கள் சார், ஏழுமலையை மறுபடி உட்காரவைப்பார்கள் என்றேன். அவர் யோசித்துப் பார்த்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் வாங்கியது, நகத்தால் நெம்பி இரண்டு கையாலும் திறக்கவேண்டிய சாதுவான கத்தி. மஞ்சள் பிடி, புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும் என்பதற்காக. கணக்காக ஆறு ஐட்டம். பிடியின் முனையில் கயிறு கோக்க ஒரு சின்ன வளையம்.

கத்தி வந்த அன்று ஏழுமலை அதைக் கையில் வாங்கி, உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். "பொண்ணு பாக்கறதுக்கே எங்க வூட்ல இவ்ளோ நாள் ஆவல சார்" என்றார். இதை வீட்டிலும் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் மனைவி செல்விக்கு இந்தக் கத்தி புராணம் முழுக்கத் தெரியும் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வளையத்தை அவரே கழற்றிவிட்டார். காரணம் சர்ச். கத்தியைச் சாவிக்கொத்தோடு அதே பாக்கெட்டில் போட்டிருக்கிறார். மௌன ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போடும்போது வளையம் சாவிகளோடு சேர்ந்து கலகலவென்றதாம். முன்வரிசைப் பெண்மணி ஒருத்தர் திரும்பிப் பார்த்தாராம். திங்கட்கிழமை ஸ்டோர்ஸுக்கு வந்து என்னிடம் குறடு கேட்டு வாங்கி வளையத்தைப் பிடுங்கி எடுத்தார். குப்பைத்தொட்டியை நான்தான் நீட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது என்னைப் பற்றியது. எங்கள் வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எதுவும் கைக்குக் கை மாறாது. கீழே வைக்கவேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளவேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வரும். ஏன் என்று நான் கேட்டதில்லை. நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லையென்றுதான் சொல்லுவேன். ஆனால் என் கை நம்பியது. மலைமேல் உட்கார்ந்து அவர் கொய்யா நறுக்கிவிட்டுக் கத்தியை நீட்டுவார். நான் பாறையைக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே வைப்பார். "இருபது வருஷத்துல நாம ஒரு சண்டை போட்டதில்ல. எல்லாம் இந்தப் பாறைக்குத்தான் ஸ்தோத்திரம்" என்று கேலி செய்வார்.

இப்படியெல்லாம் இருந்த மனிதர் கடைசி நாலு வருஷம் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை. அவர் வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு டிசம்பரில் என்னைத் துணிக்கடைக்கு வரச்சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குச் சட்டை எடுக்க அழைத்துவந்தால் மனிதர் எதுவும் சொல்லாமல் நிற்கிறாராம். நான் போனபோது கடைக்காரப் பெண் பத்துச் சட்டைகளைப் பிரித்துப் போட்டிருந்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் துணியைக் கசக்கிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்து அந்தப் பெண்ணைப் பாடாய்ப் படுத்தியிருப்பார். "எதுன்னாலும் சரி பிரதர். நீங்க சொல்லுங்க" என்றார். நான் ஒரு நீலச் சட்டையை எடுத்தேன். அது அவருக்கு இறுக்கமாக இருந்தது. அதையே போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனார்.

பர்ச்சேஸிலிருந்தும் எழுதிக் கொடுத்து வெளியே வந்துவிட்டார். கேட் பாஸ் எழுதுகிற மேசையில் உட்காரவைத்தார்கள். அங்கே எதையும் தேர்ந்தெடுக்கவேண்டியதில்லை, வருவதை எழுதினால் போதும். அந்த மேசையைக் கடக்கும்போது நான் வேகமாக நடப்பேன்.

வெள்ளம் வந்தது ஒரு நவம்பர் மாதம். புயல் மழை இரண்டு நாள் விடாமல் அடித்து, ஏரி நிரம்பி, தண்ணீர் தெருக்களுக்குள் வந்துவிட்டது. பள்ளத்தில் இருக்கும் நாலைந்து தெருக்களில் மார்பளவு. நாங்கள் மூன்று பேரும் மேட்டுப் பக்கத்துக்காரர்கள். காலை எட்டு மணிக்கே ஏழுமலை தன் காலி கேன்களை எல்லாம் கொண்டுவந்துவிட்டார். இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள். வாயை இறுக்க மூடி, கயிற்றால் பிணைத்து, மேலே ஒரு கதவுப் பலகையைக் கட்டி மிதவை செய்தோம். கயிறு நறுக்க வேண்டியிருந்ததால் தன் பாக்கெட்டிலிருந்த கத்தியை இவர் என்னிடம் தந்தார். அதாவது திண்டின் மேல் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அது என் பாக்கெட்டிலேயே இருந்தது.

மிதவையின் கயிற்றை ஏழுமலை இடுப்பில் கட்டிக்கொண்டார். பத்து மணிக்குள் ஒரு கைக்குழந்தை, நடக்கமுடியாத இரண்டு பேர், ஒரு டயாலிசிஸ் நோயாளி என்று நாலு நடை போய் வந்தாயிற்று. அவர்கள் வீட்டு ஆட்களையும் சேர்த்துப் பத்து பேராவது பிழைத்திருப்பார்கள். ஐந்தாவது நடைக்குக் காலி மிதவையோடு போகும்போது, தெரு திரும்புகிற இடத்தில், சாய்ந்து கிடந்த கம்பத்திலிருந்து விழுந்த இன்டர்நெட் கேபிள்கள் தண்ணீருக்கடியில் சுருண்டு கிடந்திருக்கின்றன. ஏழுமலையின் கால் அதில் மாட்டிக்கொண்டது. அதே இடத்தில் குறுக்குத் தெருத் தண்ணீரும் வேகமாகச் சேர்ந்தது. மிதவையை அது இழுத்தது. மிதவை இடுப்புக் கயிற்றை இழுத்தது. கால் வரவில்லை. மனிதர் குப்புறச் சாய்ந்துவிட்டார்.

இவர் பக்கத்தில்தான் இருந்தார். பாய்ந்து போய், ஒரு காம்பவுண்டுச் சுவரில் முதுகை அண்டக்கொடுத்து, இடது கையை ஏழுமலையின் அக்குளுக்கடியில் விட்டு முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அந்தச் சுவரின் மேலேயே தவழ்ந்து அவர் தலைக்கு அருகே போய்ச் சேர்ந்தேன். கயிற்றை அறுத்தால் போதும், மிதவை போய்விடும், ஆள் நிமிர்ந்துவிடலாம். சுவர்மேல் இருந்த எனக்குக் கயிறு எட்டாது, அவருக்கு ஒரு கைதான் சும்மா இருந்தது. ஒரு கையால் திறக்கிற கத்தி இல்லை அது.

"கத்தி. திறந்து குடுங்க" என்றார்.

நகத்தால் நெம்பினேன். நனைந்த விரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை அலகு வெளியே வந்து பூட்டிக்கொண்டது. அவர் வலது கையை விரித்து நீட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை இருந்தது. அந்த உள்ளங்கை எனக்கு இப்போதும் தெரிகிறது. நான் கத்தியை அதில் வைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில், சுவரின் மேல் வைத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் கொடுத்திருப்பேன். மழைத் தண்ணீர் வழிவதற்காகச் சுவரின் மேற்பூச்சைச் சரிவாகப் போட்டிருந்தார்கள், அதன்மேல் பாசி. அவர் கை மூடுவதற்குள் மஞ்சள் பிடி வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

நான் குதித்தேன். கலங்கல் தண்ணீரில் கையை விட்டு மண்ணை மண்ணாக அள்ளினேன். அவர் ஒரு கையால் கயிற்று முடிச்சைப் பிய்க்கப் பார்த்தார். நனைந்த நைலான் முடிச்சு அவிழவில்லை. "சார், வுட்றாதீங்க" என்று ஏழுமலை சொன்னது எனக்குக் கேட்டது. அவர் விடவில்லை. மிதவைக்குப் பின்னால் யார் வீட்டுப் பீரோவோ மிதந்து வந்து மோதியதில் கயிறு ஒரே இழுப்பாக இழுத்து, இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோனது. இவரை நான் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தேன். மறுபடி மறுபடி உள்ளே போனார். பக்கத்து மாடியிலிருந்து யாரோ அரிவாள் கொண்டுவந்து கயிற்றை அறுத்து ஏழுமலையை மேலே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மத்தியானம் எஸ்.ஐ. வந்து விசாரித்தார். பள்ளிக்கூட வராந்தாவில் ஏழுமலையைக் கிடத்தியிருந்தார்கள். செல்வி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கயிற்றை அறுக்கக் கத்தி ஒன்றும் இல்லையா என்று எஸ்.ஐ. கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "இருந்தது சார். என் கைக்கு வந்துச்சு. நழுவ விட்டுட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். பல நாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் திறந்திருக்கமாட்டேன். என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதும் நடுக்கம் நின்றது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். செல்வி எல்லோருக்கும் சாப்பாடு போட்டு முடித்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, கூரைச் சந்திலிருந்து செய்தித்தாள் சுருளை எடுத்துக்கொண்டு வந்தாள். பிரித்து, அந்த ஆக்ஸா பிளேடு கத்தியை அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"ஏழு மாசம் தேடினியே சார். எலிமிச்சம்பழம்லாம் வெட்டிப் பாத்தியாமே. இது அவரு இடுப்புல இருந்திருந்தா உன்ன கேட்டுனு நிப்பாரா? இத ஏன் சார் வூட்ல வெக்க சொன்ன?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்" என்றார் அவர். அவள் எங்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். என் முகத்தில் சாத்தியதற்காகப் பிறகு ஒரு நாள் மன்னிப்புக் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை.

அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வழியில் என்னைப் பார்த்தால் நின்று பேசுவாள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, அன்றைக்கு நீங்களாவது தண்ணீரில் குதித்துத் தேடினீர்களே சார் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். அவரோ மாதம் ஒரு தடவையாவது அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூரை ஒழுகுகிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று வாசலிலிருந்தே கேட்பார். கதவு திறக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். ஒரு தடவை தெருமுனையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் தாங்கமுடியாமல் போயிற்று. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்து டீக்கடையில் அவரிடம் சொன்னேன், நாளைக்குப் போய் செல்வியிடம் நடந்ததைச் சொல்லிவிடப்போகிறேன் என்று. டீ மாஸ்டர் அவரைப் பார்த்து டீயா காபியா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் டீ என்றேன்.

டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "கத்திய சூஸ் பண்ணது நான். வளையத்தக் கழட்டுனது நான். அவரோட கத்தி வெளிய வரக்கூடாதுன்னு சொன்னது நான். கடைசியில ஒரே ஒரு செகண்ட் உங்க கை. அத மட்டும் எப்படி பிரதர் தனியாப் பிரிச்சு எடுக்கறது?"

ஒரு கையால் திறக்கிற கத்தியை வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான் சார் என்றேன். சொன்னது நீங்க, ஒத்துக்கிட்டது நான் என்றார்.

"அந்தம்மா என்மேல கோவப்பட்டு கோவப்பட்டு ஒரு மாதிரி எழுந்து நிக்கறாங்க. இப்போ போய் ஆள மாத்துனா, அவங்க முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இத்தனை நாளா இன்னொருத்தன் பொய் சொன்னான்னு அதுவும் சேரும். வேணாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு வசதியாகவும் இருந்தது. எது முதலில் என் மனதில் பட்டது என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் போகும்போது, "என்னைக்காவது உங்களால முடியலேன்னா அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. எனக்காகப் பார்க்காதீங்க" என்றார். அந்தக் கதவை அவர் திறந்துதான் வைத்திருந்தார். நான் உள்ளே போகவில்லை.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் இரண்டு வழி சொன்னார். அறுவை சிகிச்சை, ஆபத்து உண்டு. அல்லது மருந்து, நாளாகும், பலன் சொல்லமுடியாது. நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்றார். பழைய ஆளாக இருந்திருந்தால் மூன்று டாக்டரிடம் போய், நோட்டில் கோடு போட்டு, டாக்டருக்கே தலைவலி வரும்படி கேள்வி கேட்டிருப்பார். அவர் டாக்டரின் மேசையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுன்னாலும் சரி என்றார். டீச்சரம்மா அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினார்கள். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அந்த அம்மாதான் மருந்து என்று சொன்னார்கள். ஐந்து மாதத்தில் போய்விட்டார். அந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட, வேறு வழியில் போயிருக்கலாமோ என்று அவர் கேட்கவில்லையாம். இனி அந்த அம்மா கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. கம்பெனி ஆட்கள் கொஞ்சம், சர்ச் ஆட்கள் கொஞ்சம். போதகர் ஜெபம் முடித்துப் பெட்டியை இறக்கும் நேரத்தில் செல்வி வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. யார் கண்ணிலும் படாமல் ஓரமாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாசா மாசம் வந்துகினே இருப்பாரு சார். நான் கதவத் தொறந்ததில்ல" என்றாள் மெதுவாக. "போன கிறிஸ்மஸுக்குக் கேக்கு வாசல்ல வெச்சிட்டுப் போனாரு. நாய்க்குப் போட்டேன்."

நான் குழியையே பார்த்தேன்.

"கூட வேல செய்றவகிட்ட சொல்லி அழுதேன் சார். அவ கேக்குறா, தண்ணியில யாருக்கா இருந்தாலும் கை வழுக்காதாடின்னு. வழுக்குனதுக்குப் போயி ஒரு மனுசன நாலு வருசம் வாசல்லயே நிக்க வெச்சிட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க சார். அவரு கை வழுக்கித்தான வுட்டாரு?"

குழிக்குள் முதல் பிடி மண் விழுந்தது. டீச்சரம்மாவை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் அவ்வளவு தெளிவாக இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தடுக்க அவரும் இல்லை.

"ஆமாம்மா" என்றேன். "வழுக்கித்தான்."

அவள் தலையாட்டினாள். அவரை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன் சார் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு குழியை நோக்கி நடந்தாள். நான் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டேன்.